நேரே இன்ஸ்ட்ருமென்ட் இன்ஸ்ட்ரக்டர் ஆகலாமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அமெரிக்காவில் கமர்ஷியல் பைலட் உரிமமும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் தகுதி) முடித்தாயிற்று, லாக்புக்கில் பறந்த நேரம் 255 மணி இருக்கிறது. முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்களுக்குத் தரையிறக்கக் கற்றுக்கொடுப்பதில் விருப்பமில்லை. இன்ஸ்ட்ருமென்ட், மல்டி எஞ்சின் என்று மேல்நிலைப் பயிற்சி மட்டும் தரும் இன்ஸ்ட்ரக்டராக நேரே ஆக முடியுமா, எத்தனை நாள் பிடிக்கும்? இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சட்டம் அனுமதிக்கிறதா என்பது ஒன்று. அப்படி வாங்கிய சான்றை வைத்து என்ன செய்ய முடியும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை: தாராளமாக முடியும். இரண்டாவதற்கு: நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் கொஞ்சம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் விதிகளில் 61ஆம் பகுதி இதைப் பேசுகிறது. இன்ஸ்ட்ரக்டர் சான்று ஒன்றேதான். அதன்மேல் ரேட்டிங்குகள் ஏறும். சிங்கிள் எஞ்சின் விமானத்துக்கான ரேட்டிங்கைத்தான் பேச்சுவழக்கில் சி.எஃப்.ஐ. என்கிறோம். இன்ஸ்ட்ருமென்ட் சேர்ந்தால் 'டபுள் ஐ', மல்டி எஞ்சின் சேர்ந்தால் எம்.இ.ஐ. இந்த மூன்றில் எதை முதலில் எடுத்தாலும் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. 18 வயது, ஆங்கிலம், பொருத்தமான ரேட்டிங்குடன் கமர்ஷியல் அல்லது ஏ.டி.பி. (ஏர்லைன் பைலட்) உரிமம், எழுத்துத் தேர்வுகள், பயிற்சி தந்தவரின் எண்டார்ஸ்மெண்ட்டுகள் (லாக்புக்கில் எழுதித் தரும் ஒப்புதல்), அந்த வகை விமானத்தில் பி.ஐ.சி.யாக (பொறுப்பு பைலட்) குறைந்தது 15 மணி நேரம், கடைசியில் செக்ரைடு என்னும் செய்முறைத் தேர்வு. 61.183 கேட்பது சுருக்கமாக இதுதான். 255 மணி நேரம் உள்ளவருக்கு சிங்கிள் எஞ்சினில் அந்தப் 15 மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. மல்டியில்தான் அது கடிக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, டபுள் ஐ மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? 61.195(சி) தெளிவாகச் சொல்கிறது. சிங்கிள் எஞ்சின் விமானத்தில், அந்த வகை விமானத்துக்கான உரிமத்தை ஏற்கெனவே வைத்திருக்கும் பைலட்டுக்கு இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி தரலாம். அவ்வளவுதான். மல்டி எஞ்சின் விமானத்தில் இன்ஸ்ட்ருமென்ட் சொல்லித்தர வேண்டுமானால் இன்ஸ்ட்ரக்டர் சான்றில் மல்டி எஞ்சின் ரேட்டிங்கும் இருந்தாக வேண்டும். கமர்ஷியலுக்குத் தயாராகும் மாணவருக்கு அந்த 10 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் பகுதியை நீங்கள் தரலாம். ஆனால் சாண்டெல், லேஸி எயிட், ஸ்டீப் ஸ்பைரல் போன்ற பறத்தல் பயிற்சிகள் எதையும் தொட முடியாது. ஒரு பயிற்சிப் பள்ளியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு மாணவரை முதல் நாளிலிருந்து கமர்ஷியல் வரை கொண்டுபோகக்கூடிய ஆள் கிடைக்கும்போது, நடுவில் ஒரு துண்டை மட்டும் கையாளும் ஆளை ஏன் எடுப்பார்கள்?

இருந்தாலும் சிலர் வேண்டுமென்றே டபுள் ஐயை முதலில் எடுக்கிறார்கள். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. முதல் இன்ஸ்ட்ரக்டர் செக்ரைடுதான் நீளமானது. கற்பித்தல் அடிப்படைகளைத் தேர்வாளர் அங்கேதான் ஆழமாகத் தோண்டுவார். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை அண்மையில் முடித்தவருக்கு அந்தப் பாடம் கையில் சூடாக இருக்கும். அதை முதல் தேர்வாக வைத்துவிட்டு, சில வாரங்களில் சிங்கிள் எஞ்சினைக் கூடுதல் ரேட்டிங்காகச் சேர்த்துக்கொள்வது ஓர் உத்தி. வரிசையை மாற்றுவதில் தவறில்லை. சிங்கிள் எஞ்சினையே தவிர்ப்பதுதான் கூடாது என்பேன். மேல்நிலை மாணவர்கள் செய்யும் பிழைகளில் பாதி அவர்கள் முதல் 20 மணி நேரத்தில் கற்ற பழக்கங்கள்: டிரிம் (கைக்கு அழுத்தம் வராமல் சமன்செய்யும் அமைப்பு) போடாமல் யோக்கை (கைப்பிடிச் சக்கரம்) இறுக்கிப் பிடிப்பது, வலது ரடர் (காலால் இயக்கும் வால் சுக்கான்) மறப்பது, வேகத்தைத் துரத்துவது. அடிப்படைப் பயிற்சி தந்து பார்க்காதவருக்கு அந்தப் பிழையின் வேர் எங்கே என்று தெரியாது. வெளியே தெரியாமல் மறைக்கும் ஹூட் போட்ட மாணவர் உயரத்தை 200 அடி தவறவிட்டால், 'ஸ்கேன் (கருவிகள்மேல் கண்ணோட்டம்) சரியில்லை' என்று அந்த இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். டிரிம் வீலைப் பார்க்க மாட்டார்.

எதை முதலில் எடுத்தாலும் உங்களுக்குப் பயிற்சி தருபவர் யார் என்பதைக் கவனியுங்கள். முதல் முறை இன்ஸ்ட்ரக்டர் ஆகப்போகிறவருக்குப் பறத்தல் பயிற்சி தர எல்லா சி.எஃப்.ஐ.க்கும் அனுமதி இல்லை. வழக்கமான பாதை, அவர் 24 மாதம் சான்று வைத்திருந்து 200 மணி நேரம் பயிற்சி தந்திருக்க வேண்டும் என்பது. 2024 டிசம்பர் 1 முதல் வேறு சில வழிகளும் திறந்திருக்கின்றன. உங்களுக்குக் கையெழுத்துப் போடுபவர் எந்த வழியில் தகுதி பெறுகிறார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். தேர்வு நாளன்று தேர்வாளர் கேட்டு, பதில் இல்லாமல் போனால் செக்ரைடு தொடங்கவே தொடங்காது. பயிற்சியில் ஒரு குறையும் இல்லாமல், ஒரு எண்டார்ஸ்மெண்ட் விட்டுப்போனதால் வீடு திரும்புகிறவர்கள் நிறைய. 61-65 என்ற ஆலோசனைச் சுற்றறிக்கையின் நடப்புத் திருத்தத்தை அச்செடுத்து, அதிலுள்ள வாசகங்களோடு உங்கள் லாக்புக்கை வரி வரியாக ஒப்பிடுங்கள். ஐயாக்ரா என்ற எஃப்.ஏ.ஏ. இணைய விண்ணப்பத்தில் பெயர் உங்கள் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலும் தந்தை பெயரும் இடம் மாறுவது நம்மவர்களுக்கே உரிய தலைவலி.

எழுத்துத் தேர்வுகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கற்பித்தல் அடிப்படைகள் 50 கேள்வி, விமான இன்ஸ்ட்ரக்டர் 100 கேள்வி, இன்ஸ்ட்ருமென்ட் இன்ஸ்ட்ரக்டர் 50 கேள்வி. எல்லாவற்றுக்கும் தேர்ச்சி 70 சதவீதம், முடிவு 24 மாதம் செல்லும். கற்பித்தல் அடிப்படைகள் ஒரே ஒரு முறைதான். எம்.இ.ஐ.யைக் கூடுதலாகச் சேர்க்கும்போது எழுத்துத் தேர்வே கிடையாது. செலவு பார்க்காதவர் தரைப்பயிற்சி இன்ஸ்ட்ரக்டர் எழுத்துத் தேர்வையும் கூடவே எழுதிவிடலாம்; பாடம் கிட்டத்தட்ட அதேதான், செக்ரைடு இல்லாமலே ஒரு சான்று கிடைக்கும்.

விமான ரேட்டிங்குக்கு ஸ்பின் (விமானம் சுழன்றபடி கீழே விழுவது) பயிற்சி கட்டாயம். நுழைவு, சுழற்சி, மீட்பு மூன்றையும் செய்து, கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்று ஒருவர் லாக்புக்கில் எழுதித் தர வேண்டும். இங்கே எந்த விமானத்தில் செய்வது என்று தேர்ந்தெடுப்பதில் பலர் சறுக்குகிறார்கள். பைப்பர் ஆர்ச்சரில் ஸ்பின் தடை. செஸ்னா 172எஸ்ஸில் யுட்டிலிட்டி பிரிவில் மட்டுமே அனுமதி. அதன் எடை வரம்பு 2,200 பவுண்டு, பின் இருக்கையில் ஆளோ பையோ கூடாது. சராசரி உடல்வாகுள்ள இருவர் முழு டேங்கோடு ஏறினாலே வரம்பு தாண்டிவிடும், எரிபொருளைக் குறைத்தே போக வேண்டும். அப்படிப் போனாலும் 172 முழுதாகச் சுழலாமல் ஸ்பைரலாக மாறப் பார்க்கும். வேகமுள் ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பைரல். தாழ்வாக ஓரிடத்தில் நின்றால் ஸ்பின். இந்த வேறுபாட்டை மாணவருக்கு வாயால் சொல்லிக்கொண்டே மீட்கத் தெரிய வேண்டும்: பவர் ஐடில், எய்லரான் நடுவில், எதிர் ரடர் முழுக்க, அப்புறம் எலிவேட்டர் முன்னால். செக்ரைடில் தேர்வாளர் பொதுவாக எண்டார்ஸ்மெண்ட்டை ஏற்றுக்கொள்வார். ஸ்டால் (இறக்கை தூக்குவிசை இழப்பது) அல்லது ஸ்பின் பற்றிய அறிவில் குறை கண்டு தோல்வி தந்துவிட்டால், மறுதேர்வில் விமானத்திலேயே செய்துகாட்ட வேண்டும்.

வலது இருக்கைக்குப் பழகுவதைப் பலர் பெரிதாக எண்ணுகிறார்கள். உண்மையில் ஐந்தாறு மணி நேரத்தில் கை பழகிவிடும். முதலில் வரும் பிழை ஒன்றுதான்: கௌலிங்கின் (எஞ்சின் மூடி) நடுப்புள்ளியை ரன்வே நடுக்கோட்டில் வைத்துப் பார்ப்பது. நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், அப்படி வைத்தால் விமானத்தின் மூக்கு வலப்புறம் திரும்பிய நிலையில் சக்கரம் தரையைத் தொடும். உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே கௌலிங்கில் ஒரு ரிவெட்டைப் பிடித்துக்கொண்டால் சரியாகும். பழைய வட்ட டயல் விமானமாக இருந்தால் வேகமுள்ளும் உயரமுள்ளும் பக்கவாட்டிலிருந்து சற்றுத் தவறாகத் தெரியும். அதையும் கணக்கில் வையுங்கள்.

நாள் பிடிக்கும் சங்கதி வேறு: பறந்துகொண்டே பேசுவது. தானாகச் செய்யும்போது லேஸி எயிட் அழகாக வரும். 'இப்போது 45 டிகிரி கடக்கிறோம், மூக்கு மிக உயரமாக இருக்க வேண்டும், பாங்க் 15' என்று சொல்ல ஆரம்பித்ததும் கை தடுமாறும். சொல் ஒரு நொடி முன்னால் வர வேண்டும். நடந்து முடிந்ததை வருணித்தால் அது வர்ணனை, பாடமாகாது. காரில் போகும்போதோ வீட்டு நாற்காலியிலோ வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்குச் செலவே இல்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. அதேபோல, கடையில் வாங்கிய பாடக்குறிப்புக் கோப்பை மேசையில் வைத்துவிட்டு ஓரலுக்கு (வாய்மொழித் தேர்வு) உட்காருவதும் பலிக்காது. ஓரல் பெரும்பாலும் நான்கைந்து மணி நேரம் போகும். 'எனக்கு 40 மணி நேர அனுபவம்தான், எய்ட்ஸ் ஆன் பைலான்ஸில் (தரையிலுள்ள இரு குறிகளைச் சுற்றி எட்டு வடிவில் பறப்பது) பிவோட்டல் உயரம் ஏன் மாறுகிறது என்று சொல்லுங்கள்' என்று தேர்வாளர் கேட்டால், தரை வேகத்தின் வர்க்கத்தை 11.3 ஆல் வகுப்பது என்று சூத்திரம் சொல்வது பாதி விடைதான். காற்று முன்னும் பின்னும் மாறும்போது அந்த உயரம் ஏறி இறங்குவதைப் பலகையில் வரைந்து காட்ட வேண்டும். சொந்தக் கையால் எழுதிய குறிப்பு இருப்பவருக்கே அது வரும். 2024 மே 31 முதல் விமான இன்ஸ்ட்ரக்டர் தேர்வு புதிய ஏ.சி.எஸ். அளவுகோலில் நடக்கிறது, பழைய பி.டி.எஸ். குறிப்புகளைக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள். 2018 ஏப்ரலிலிருந்து இந்தத் தேர்வுக்கு மடக்கும் சக்கரமுள்ள காம்ப்ளெக்ஸ் விமானமும் தேவையில்லை. இன்னும் அதற்குக் கட்டணம் வாங்கும் பள்ளியிடம் ஏன் என்று கேளுங்கள்.

டபுள் ஐ பயிற்சி பொதுவாகக் குறுகியது. ஆனால் அந்த வேலையில் மாட்டவைக்கும் இடங்கள் வேறு. மாணவர் ஹூட் போட்டால், வெளியே பார்க்கும் சேஃப்டி பைலட் நீங்கள். ஆக நீங்கள் கட்டாயக் குழு உறுப்பினர், செல்லுபடியாகும் மெடிக்கல் (மருத்துவச் சான்று) வேண்டும். மூன்றாம் வகுப்பே போதும்; பயிற்சி தர இரண்டாம் வகுப்பு கேட்பது சட்டமில்லை, பள்ளியின் அல்லது காப்பீட்டின் நிபந்தனை. அடுத்தது உங்கள் சொந்த ஆறு மாதக் கணக்கு: கருவிப் பறத்தல் தகுதி செல்ல அந்தக் காலத்துக்குள் செய்திருக்க வேண்டிய அப்ரோச்சுகள் (கருவியைப் பார்த்து ரன்வேயை அணுகுவது). மேகத்துக்குள் மாணவர் செய்யும் அப்ரோச்சுகள் உங்களுக்கும் சேரும். வெயிலில் ஹூட் போட்டுச் செய்வது அவருக்கு மட்டுமே. அரிசோனா போன்ற தெளிந்த வான ஊரில் வேலை செய்யும் இன்ஸ்ட்ரக்டர், தினம் நான்கு அப்ரோச் பார்த்தும் தன்னளவில் காலாவதியாகிவிடுவது இதனால்தான். ரேட்டிங் இல்லாத மாணவரோடு ஐ.எஃப்.ஆர். (கருவிப் பறத்தல் விதி) திட்டத்தில் மேகத்துக்குள் போகும்போது பி.ஐ.சி. நீங்கள், அன்று உங்கள் கணக்கு செல்லாமல் இருக்கக் கூடாது.

மாணவரைத் தேர்வுக்கு அனுப்பும்போது அவருடைய கணக்கையும் சரிபாருங்கள். பி.ஐ.சி.யாக 50 மணி நேரம் கிராஸ்கன்ட்ரி (வேறு ஊருக்குப் பறப்பது), 40 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட், அதில் 15 உங்களைப் போன்ற இன்ஸ்ட்ருமென்ட் இன்ஸ்ட்ரக்டரோடு. தேர்வு மாதத்துக்கு முந்தைய இரண்டு மாதக் கெடுவுக்குள் 3 மணி நேரத் தயாரிப்பு. 250 கடல் மைல் பயணத்தில் மூன்று வெவ்வேறு வகை அப்ரோச். இந்தக் கடைசி ஒன்றில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: ஒரே வகையை மூன்று ஊரில் செய்துவிட்டு மூன்று என்று எழுதியிருப்பார்கள்.

மல்டி எஞ்சின்தான் பணமும் ஆபத்தும் கூடிய பகுதி. உங்களுக்கு மல்டி ரேட்டிங் இன்னும் இல்லை என்று நினைக்கிறேன். கமர்ஷியலோடு அதைச் சேர்க்கச் சட்டம் குறைந்தபட்ச மணி நேரம் விதிக்கவில்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. எண்டார்ஸ்மெண்ட்டும் செக்ரைடும் போதும். ஆனால் எம்.இ.ஐ.க்கு மல்டியில் 15 மணி நேரம் பி.ஐ.சி. வேண்டும். தனியாக வாடகைக்கு மல்டி விமானம் தரும் இடங்கள் அரிது, காப்பீடு விடாது. வழி என்னவென்றால், மல்டி செக்ரைடு முடிந்த நாள் முதல், பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இருந்தாலும் கண்ட்ரோல் உங்கள் கையில் இருக்கும் நேரம் பி.ஐ.சி.யாகப் பதியலாம். அதனால் எம்.இ.ஐ. பயிற்சியை வலது இருக்கையில் அந்தப் 15 மணி நேரத்துக்குள்ளேயே திட்டமிடுங்கள். வாங்கிய பிறகும், எந்த மாடலில் சொல்லித்தருகிறீர்களோ அந்த மாடலிலேயே 5 மணி நேர பி.ஐ.சி. இல்லாமல் ரேட்டிங்குக்கான பயிற்சி தர முடியாது. செமினோல் என்ற மல்டி விமானத்தில் சான்று வாங்கிவிட்டு டச்சஸ் என்ற இன்னொன்றில் அன்றே வேலைக்குப் போக முடியாது என்று பொருள்.

பயிற்சிக்குப் பெரும்பாலும் பைப்பர் செமினோல்தான் கிடைக்கும்: இரண்டு 180 குதிரைத்திறன் எஞ்சின், எதிரெதிராகச் சுழலும் ப்ரொப்பெல்லர், வி.எம்.சி. (ஒரு எஞ்சின் நின்றாலும் கட்டுப்படுத்தக்கூடிய குறைந்தபட்ச வேகம்) 56 நாட், நீலக்கோடு (ஒரு எஞ்சினில் சிறப்பாக ஏறும் வேகம்) 88. ப்ரொப்பெல்லர் எதிரெதிர் சுழல்வதால் அதில் 'கிரிட்டிக்கல் எஞ்சின்' (நின்றால் நிலைமையை அதிகம் மோசமாக்கும் எஞ்சின்) கிடையாது. மாணவர் அதைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு, இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுழலும் பீச்கிராஃப்ட் பேரன் (Baron) விமானம் ஒன்றில் ஏறும்போது இடது எஞ்சின் போனால் நிலைமை ஏன் மோசம் என்று உணராமல் இருப்பார். பலகையில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வி.எம்.சி. செய்முறையில் ஒரு நுணுக்கம் உயிர் சம்பந்தப்பட்டது. உயரம் கூடக்கூட எஞ்சின் திறன் குறைவதால் வி.எம்.சி. வேகம் இறங்கும். ஸ்டால் ஆகும்போது வேகமுள் காட்டும் வேகம் இறங்காது. வெயில் நாளில் உயரமான இடத்தில் இரண்டும் நெருங்கி, கட்டுப்பாடு இழப்பதற்கு முன்பே ஸ்டால் வந்துவிடும். ஒரு பக்கம் முழு பவரோடு ஸ்டால் ஆனால் அடுத்தது ஸ்பின். ஆகவே மூக்கு விலகத் தொடங்கினாலோ, ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தாலோ, நடுக்கம் வந்தாலோ, எது முதலில் வருகிறதோ அங்கேயே நிறுத்தி, ஓடும் எஞ்சினின் பவரைக் குறைத்து மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரையிலிருந்து 3,000 அடிக்கு மேலேயே மீட்பு முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே எஞ்சின் செயலிழப்பை த்ராட்டிலால் மட்டும் பாவனை செய்யுங்கள். உங்கள் கை எப்போதும் மாணவரின் கைக்குப் பின்னால் இருக்கட்டும். பதற்றத்தில் ஓடும் எஞ்சினை ஃபெதர் செய்ய (ப்ரொப்பெல்லர் இதழ்களைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்த) போகும் மாணவர் வருவார். 'அடையாளம் கண்டேன்' என்பதற்கும் 'உறுதி செய்தேன்' என்பதற்கும் நடுவே த்ராட்டிலை மெல்லப் பின்னால் இழுத்துப் பார்க்கச் செய்வது அதற்காகத்தான்.

சான்று வந்த பிறகான கடமைகள் சுருக்கமானவை. 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறத்தல் பயிற்சி கூடாது. யாருக்கு என்ன எண்டார்ஸ்மெண்ட் தந்தீர்கள் என்ற பதிவு 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து சான்றில் காலாவதி தேதி அச்சிடப்படுவதில்லை, ஆனால் 24 மாதத்துக்கு ஒருமுறை அண்மை அனுபவத்தைக் காட்டியாக வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மாணவருக்கு முதல் உரிமம், இன்ஸ்ட்ருமென்ட், மல்டி ஆகிய மூன்றுக்கும் பயிற்சி தொடங்குமுன் டி.எஸ்.ஏ. (அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி தேவை. நீங்களும் குடிமகன் இல்லையென்றால் உங்கள் மல்டி ரேட்டிங்குக்கும் அதே விதிதான்.

இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்ககம்) தரும் கமர்ஷியல் உரிமம் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: 61.75ன் கீழ் அதைக் காட்டி வாங்கும் அமெரிக்க உரிமம் பிரைவேட் நிலைதான். இன்ஸ்ட்ரக்டர் ஆக அது போதாது; எஃப்.ஏ.ஏ. கமர்ஷியலைத் தேர்வெழுதித் தனியாக வாங்க வேண்டும், உங்கள் பறந்த மணி நேரம் கணக்கில் சேரும். திரும்பும் பாதையிலும் அப்படியே: அமெரிக்க சி.எஃப்.ஐ. இந்திய இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்காகத் தானாக மாறாது. தாம்பரத்திலுள்ள விமானப்படையின் பயிற்சியாளர் பள்ளியைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது முப்படையினருக்கும் கடலோரக் காவல்படைக்கும் நட்பு நாட்டுப் படையினருக்கும் உரியது.

எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதற்கு விதிப்புத்தகத்தில் விடை இல்லை, உத்தேசம்தான் சொல்ல முடியும். முழுநேரமாக உட்கார்ந்தால் முதல் சான்றுக்கு இரண்டு மூன்று மாதம், 15 முதல் 25 மணி நேரப் பறத்தல். டபுள் ஐக்கு 5 முதல் 10. மல்டியில் மேலே சொன்ன 15 எப்படியும் ஓடும். பயிற்சியைவிடத் தேர்வாளர் தேதி கிடைப்பதுதான் பல ஊர்களில் இழுக்கிறது, எனவே எழுத்துத் தேர்வு முடிந்ததுமே தேதிக்குச் சொல்லிவையுங்கள். வேலை விஷயம் தனி. சான்று இருப்பது சம்பளம் வாங்கும் அனுமதி ஆகாது. எம்-1 (தொழிற்கல்வி மாணவர்) விசாவில் படிக்கும்போது வேலை செய்ய முடியாது. படிப்பு முடிந்தபின் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் வீதம், அதிகபட்சம் ஆறு மாதம் செய்முறைப் பயிற்சி மட்டும். எஃப்-1 (பொதுக்கல்வி மாணவர் விசா) என்றால் வழக்கமாக 12 மாதம். எந்த விசாவில் எந்தப் பள்ளி சேர்க்கிறது என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பள்ளியின் வாய்ச்சொல்லை நம்பாமல் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காகிதத்தோடு காட்டிக் கேளுங்கள்.